தலை நிமிர்ந்த வௌவால்கள்

வால்டரை நான் வேண்டுமென்றே கரித்துக்கொட்டுவதாகச் சில பெண்மணிகள் கடிதம் எழுதியிருக்கிறார்கள். பட்டாளத்திலிருந்து திரும்பி வேலை கிடைக்காமல் திண்டாடுகிறவன், பெண்டாட்டியின் சேலையைக்கூடத் துவைத்துக் காயப்போடுகிறவன், அவன்மேல் ஏன் இந்தச் சந்தேகம் என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். அவன் பெண்டாட்டி டோரதியும் சனிக்கிழமை காலை வரைக்கும் அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தாள்.

இந்தத் தொடர்கதையில் நடுவில் சேர்ந்தவர்களுக்காக நாலு வரி. டோரதிக்கு சாந்தோமில் கன்னியர் நடத்தும் பெண்கள் பள்ளிக்கூடத்தில் வேலை. புத்தகசாலை அவள் பொறுப்பு. இந்த வருஷத்து மழையில் அங்கே கூரை ஒழுகி, அலமாரிக்குள் இருந்த ஒரு பெரிய புத்தகம் நனைந்துவிட்டது. எண்பது வருஷத்துக்கு முன் சீமையில் அச்சான புத்தகம். அத்தனையும் வௌவால் படங்கள். அவற்றில் எட்டுப் படங்கள் முழுப் பக்கத்துக்கு, கையால் வர்ணம் தீட்டியவை.

தலைமைக் கன்னியர் மதர் பெர்னதெத்துக்கு அந்தப் புத்தகத்தின் மேல் உயிர். "வெளி ஆள் கையில் தர எனக்கு மனசு வரவில்லை. நீ என்றால் சரி" என்று டோரதியிடம் ஒப்படைத்தார்.

டோரதி அதை வீட்டுக்குக் கொண்டுவந்து தாள் தாளாக உலர்த்தினாள். கிழிந்த இடங்களை ஒட்டினாள். முதுகைத் தைத்து மாவுப் பசை தடவித் துணியில் சுற்றினாள். மேலே பாரம் வைக்க வேண்டும் அல்லவா? வால்டர்தான் சமையலறை அம்மியைத் தூக்கிவந்து வைத்துக் கொடுத்தான். உள்பசை நன்றாகக் காய்கிற வரைக்கும் புத்தகத்தைப் பிரிக்கக் கூடாது. அவசரப்பட்டுப் பிரித்தால் தைத்த முதுகு விட்டுப்போகும். திங்கட்கிழமை பிரித்து மதரிடம் கொடுப்பதாக ஏற்பாடு. அதுவரை அந்த வீட்டில் துவையல் கிடையாது.

இவ்வளவுதான் இதுவரை நடந்தது. இனி சனிக்கிழமை.

*

சனிக்கிழமைதோறும் டோரதி தியாகராய நகருக்குப் போய் காமாக்ஷி மாமிக்கு இங்கிலீஷ் சொல்லிக்கொடுப்பது வழக்கம். மாமியின் கணவர் சுப்பராமன் பேர்பெற்ற வக்கீல். விருந்துகளுக்குப் போகும்போது மனைவி இரண்டு வார்த்தை இங்கிலீஷில் பேசினால் தேவலை என்பது அவர் ஆசை. மாமிக்கு அந்த ஆசை அவ்வளவாக இல்லை. பாடத்துக்கு முன்னால் காபி, பாடத்துக்கு நடுவில் பேச்சு என்று பொழுதை ஓட்டிவிடுவாள்.

"வாங்கோ டீச்சர். பாடம் கிடக்கட்டும், முதல்ல ஹாலைப் பாருங்கோ. நேத்திக்குத்தான் மாட்டினோம்" என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள்.

சோபாவுக்கு மேலே வரிசையாக ஆறு படங்கள், தங்கப்பூச்சுச் சட்டம் போட்டு. முதல் பார்வையில் டோரதிக்கு என்னவென்றே விளங்கவில்லை. குட்டிக் குட்டி மனிதர்கள் கறுப்புக் குடையைப் பிடித்துக்கொண்டு மழைக்குக் காத்திருப்பது போலிருந்தது.

"வௌவாலாம்" என்றாள் மாமி. "எல்லாம் தலைகீழாத் தொங்கிண்டிருந்தது. ஆத்துல தலைகீழாத் தொங்கறது எதுவும் ஆகாதுன்னு இவர் ஒரே பிடிவாதம். கடைக்காரன் கொக்கியைப் பிடுங்கி அந்தண்டை அடிச்சுக் குடுத்துட்டான். இப்போ சமத்தா நிமிர்ந்து நிக்கறதோல்லியோ?"

டோரதிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வாய்விட்டே சிரித்தாள். அன்றைக்கு அவள் சிரித்தது அதுதான் முதலும் கடைசியும்.

மூன்றாவது படத்தில் ஆரஞ்சும் கறுப்புமாகச் சிறகை விரித்த ஒரு சின்ன வௌவால். அதன் சிறகோரத்தில் தலைமயிர் மாதிரி ஒரு கோடு ஓடியது. டோரதி கிட்டே போய்ப் பார்த்தாள். கோடு இல்லை, கிழிசல். பின்பக்கம் மெல்லிய தாளைக் கீற்றாகக் கிழித்து ஒட்டி யாரோ மூடியிருப்பது கிழிசல் வழியே வெளுப்பாகத் தெரிந்தது. யாரோ என்ன, அவளேதான். மூச்சை அடக்கிக்கொண்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் முழுக்க உட்கார்ந்து ஒட்டியது.

அதே புத்தகம் வேறு யாரிடமாவது இருக்கக்கூடும் என்று ஒரு நிமிஷம் தன்னைத் தேற்றிக்கொண்டாள். அதே இடத்தில் அதே கிழிசலா? அதற்கு அவள் கையே ஒட்டுப் போட்டிருக்குமா?

"எங்க வாங்கினீங்க மாமி?"

"பாண்டி பஜார்ல இனாயத்துன்னு ஒருத்தன், படத்துக்குச் சட்டம் போடறவன். வெள்ளைக்காராள்ளாம் ஹால்ல இப்படித்தான் மாட்டிப்பாளாமே? அவா கப்பலேறிப் போனப்புறம் நம்ம மனுஷாளுக்கு இந்தப் பைத்தியம் பிடிச்சிருக்கு. நன்னாருக்கா?"

"ரொம்ப நல்லா இருக்கு" என்றாள் டோரதி. தலைவலி என்று சொல்லிவிட்டுக் காபியைக்கூடக் குடிக்காமல் இறங்கிவிட்டாள்.

*

இனாயத்தின் கடை ஒரு ஆள் திரும்புகிற அகலம். சுவர் முழுக்கச் சாமி படங்களும் தலைவர்கள் படங்களும் கண்ணாடிக்குக் காத்திருந்தன.

"வௌவால் படமா? நான்தாமா பிரேம் போட்டேன். வோணுமா? இன்னும் ரெண்டு கீது" என்று உள்ளே போய் எடுத்துவந்து காட்டினார். ஒன்றில் நரி முகத்துப் பழவௌவால். அதன் மூக்கு நுனியில் வைத்த வெள்ளைப் புள்ளி ஈரமாகவே மின்னியது.

"யார் கொண்டாந்து குடுத்தாங்க, பாய்?"

"ஒரு மிலிட்டரிக்காரரு. சாந்தோம் பக்கமாம். தங்கமான மன்சன்மா, டீ சாப்டுன்னாக்கூட கூச்சப்பட்டுக்கினு நின்னாரு. அவரு சம்சாரம் ஸ்கூல்ல கீறாங்களாம். பழைய புக்கெல்லாம் கழிச்சுட்டாங்கோ, சம்சாரமே கட் பண்ணிக் குடுத்தனுப்ச்சாங்கோன்னு சொன்னாரு." இனாயத் படத்தின் ஓரத்தை விரலால் தடவிக் காட்டினார். "அந்தம்மா கையிக்கு ஒரு சலாம் போடணும். பாரு, ஒரு பிசிறு கீதா?"

அந்தம்மா நான்தான் என்று சொல்ல டோரதிக்கு வாய் வரவில்லை.

"இந்த ரெண்டையும் யாருக்கும் கொடுத்துடாதீங்க பாய்" என்று மட்டும் கேட்டுக்கொண்டு ரிக்ஷா பிடித்தாள்.

வழி முழுக்க அவளுக்குக் கோபம் வரவில்லை. அதுதான் ஆச்சரியம். வெட்கம்தான் வந்தது. ரிக்ஷாக்காரன் திரும்பிப் பார்த்தபோதெல்லாம் அவனுக்கும் விஷயம் தெரிந்திருக்குமோ என்று சேலைத் தலைப்பை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

*

வீட்டில் அம்மி அதே இடத்தில் இருந்தது. டோரதி யாரையும் கூப்பிடவில்லை. இரண்டு கையாலும் பிடித்துத் தள்ளினாள். அது தொம்மென்று தரையில் விழுந்து ஒரு மூலை உடைந்தது. சத்தம் கேட்டு வால்டர் ஓடிவந்தான்.

"ஐயோ, இன்னா டோரதி பண்றே? பசை காயலையே!"

அவள் துணியைப் பிரித்தாள். புத்தகத்தைத் திறந்தாள்.

படங்களுக்குக் காவலாக ஒவ்வொன்றின் மேலும் ஒரு மெல்லிய தாள் உண்டு. அந்தத் தாள்கள் பத்திரமாக இருந்தன. எண்பது வருஷம் ஒட்டிக் கிடந்ததில் ஒவ்வொரு தாளிலும் வௌவாலின் சாயல் மங்கலாகப் படிந்திருந்தது. தாளைத் தூக்கினால் கீழே படம் இல்லை. தையலோரமாக விரற்கடை அகலத்துக்கு விளிம்பை விட்டுவிட்டு வழித்து எடுத்திருந்தது. எட்டு இடத்திலும் அப்படியே.

"நான் தாள் வெட்டுற கத்தியாலதானே?" என்றாள்.

வால்டர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

"வக்கீல் சுப்பராமன் வீட்டு ஹால்ல மாட்டியிருக்கு. வாராவாரம் நான் போற வீடு. நான் ஒட்டின ஒட்டை நானே பார்த்துட்டு வந்தேன்."

"ஹார்பர்ல வேலை வாங்கித் தர்றேன்னு ஒருத்தன் சொன்னான், டோரதி. கையில ஏதாச்சும் வெச்சாத்தான் நடக்கும்னான். இப்போ ஆளையே காணோம்." அவன் முகத்தை மூடிக்கொண்டு அழுதான். "திங்கக்கிழமை வரைக்கும் நீ பிரிக்க மாட்டேன்னு தெரியும். அதுக்குள்ள எப்படியாச்சும் திருப்பி வாங்கிடலாம்னு பார்த்தேன்."

திருட்டைவிட இந்த வார்த்தைதான் அவளைச் சுட்டது. அவள் ஒரு வேலையைச் செய்தால் ஒழுங்காகச் செய்வாள், பசை காய்வதற்கு முன் தொட மாட்டாள் என்பதை அவ்வளவு தெரிந்துவைத்துக்கொண்டு, அந்த ஒழுங்கையே நம்பித் திருடியிருக்கிறான்.

"கடையில நான் வெட்டிக் குடுத்தேன்னு சொல்லியிருக்கீங்க."

"வேற இன்னா சொல்றது? திருடிக்கினு வந்தேன்னா சொல்ல முடியும்?"

இந்தப் பதிலில் ஏதோ ஒரு நியாயம் இருப்பதாகக்கூட டோரதிக்குப் பட்டது. பத்து வருஷம் ஒருவனோடு குடித்தனம் நடத்தினால் புத்தி இப்படித்தான் அவன் பக்கம் சாய்ந்துவிடுகிறது.

"நானும் பார்த்தேம்மா" என்று ஒரு குரல்.

வாசற்படியில் மாமனார் காஸ்பர் நின்றுகொண்டிருந்தார். கோயில் பள்ளிக்கூடத்தில் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். சாந்தோமில் காஸ்பர் வாத்தியார் சொல்லுக்கு மறுசொல் கிடையாது. டோரதிக்குக் குழந்தையில்லை என்று உறவுக்காரர்கள் வந்து நீட்டி முழக்கியபோது, "எம் மருமவளை ஒரு வார்த்தை சொல்றதா இருந்தா இந்தப் படி ஏறாதீங்க" என்று அதே வாசற்படியில் நின்று சொன்ன மனுஷர். பெற்ற தகப்பனிடம் சொல்லாததைக்கூட அவள் அவரிடம் சொல்வாள்.

"புதன்கிழமை நீ ஸ்கூலுக்குப் போனப்புறம் அம்மியை இறக்கி வெச்சுட்டு வெட்டிக்கினு இருந்தான். நான் அதட்டியிருக்கணும். கையைப் பிடிச்சிருக்கணும். பெத்த புள்ளையாச்சேன்னு பேசாம இருந்துட்டேன். தப்பும்மா" என்றார். அவர் கண்ணும் கலங்கியிருந்தது.

டோரதிக்கு இதுவும் அடிதான். ஆனால் அவராக வந்து ஒப்புக்கொண்டாரே என்று அதற்குள்ளேயே ஒரு ஆறுதல் தேடிக்கொண்டாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

"நான் மதர்கிட்டப் போறேன்."

"நீ போகாதே" என்று வால்டர் அவள் கையைப் பிடித்தான். "நீ போய்ச் சொன்னா, புருஷனைக் காட்டிக் குடுத்தவள்னு உனக்குத்தான் பேரு. செஞ்சது நான். நானே போய்ச் சொல்றேன். அந்த ஒரு மரியாதையையாச்சும் எனக்குக் குடு, டோரதி."

"அவன் சொல்றது சரிதாம்மா. நானும் கூடப் போறேன். அவன் நாக்கு தடுமாறுச்சின்னா நான் சொல்றேன். நீ சாயங்காலமா மெதுவா வா" என்றார் காஸ்பர்.

கசங்கிக் கிடந்த வால்டரின் கோட்டை டோரதி எடுத்து உதறி, இஸ்திரிப் பெட்டியில் கங்கு போட்டுத் தேய்த்துக் கொடுத்தாள். மதர் முன்னால் அவன் அலங்கோலமாகப் போய் நிற்கக் கூடாதாம்.

அப்பனும் பிள்ளையும் தெருமுனை திரும்புகிற வரைக்கும் வாசலில் நின்று பார்த்தாள். செய்த தப்பைத் தானே ஒப்புக்கொள்ளப் போகிற புருஷன் எத்தனை பேருக்கு வாய்ப்பான் என்று அவளுக்குப் பெருமையாகக்கூட இருந்தது. இதை எழுதும்போது எனக்கே வயிற்றெரிச்சலாக இருக்கிறது. என்ன செய்ய, அவள் அப்படித்தான் நினைத்தாள்.

*

நொச்சிக்குப்பத்துப் பெண்கள் மீன்கூடையைக் கவிழ்த்து உதறிவிட்டு வீடு திரும்பும் நேரத்துக்கு அவள் கிளம்பினாள். படமில்லாத புத்தகத்தைத் துணியில் சுற்றி மார்போடு அணைத்துக்கொண்டு போனாள்.

மதர் பெர்னதெத் எழுந்து வந்து அவளை நாற்காலியில் உட்காரவைத்தார். அதிலேயே டோரதிக்குப் பாதி பாரம் இறங்கிவிட்டது.

"நீயே வந்தது நல்லது, டோரதி. எனக்குக் கோபம் இல்லை. வருத்தம்தான்."

"அவர் எல்லாத்தையும் சொல்லிட்டாரா, மதர்?"

"சொன்னார். ஒன்றையும் மறைக்கவில்லை. இதோ இந்த இடத்தில் முழங்கால் போட்டுக்கொண்டு அழுதார். ஒரு ஆண்பிள்ளை அப்படி அழுது நான் பார்த்ததேயில்லை."

டோரதி புத்தகத்தைத் துணியோடு மேஜைமேல் வைத்தாள். "அவரை மன்னிச்சிடுங்க, மதர்."

மதர் அவளைப் புரியாமல் பார்த்தார்.

"அவரையா? அவரை நான் எதற்கம்மா மன்னிக்க வேண்டும்? பெண்டாட்டி செய்த தப்புக்காக முழங்கால் போட்ட மனுஷரை?"

ஜன்னலுக்கு வெளியே பிள்ளைகள் கிறிஸ்துமஸ் பாட்டுக்கு ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரே வரியை மூன்று தடவை பாடினார்கள். அது முடிகிற வரை டோரதிக்கு ஒன்றும் ஓடவில்லை.

"நான் வெட்டலை, மதர்."

"டோரதி."

"சத்தியமா நான் வெட்டலை. அவருதான் வெட்டி, பாண்டி பஜார்ல வித்தாரு."

"அப்படித்தான் நீ சொல்லுவாய் என்று அவரும் சொன்னார். அதற்காக அவளைக் கோபிக்காதீர்கள், பயத்தில் சொல்லுவாள் என்று அதற்கும் உனக்காகக் கெஞ்சினார்." மதரின் குரலில் கடுமை இல்லை. அதுதான் தாங்க முடியவில்லை. "படம் சிதையாமல் நறுவிசாக வெட்டி எடுக்க இங்கே உன்னைத் தவிர யாருக்குத் தெரியும்? படங்கள் மாட்டியிருக்கிற வக்கீல் வீட்டுக்கு வாராவாரம் போய்வருகிறவள் யார்?"

மத்தியானம் அழுதுகொண்டே வால்டரிடம் அவள் சொன்ன சங்கதி அது. அவள் வாயிலிருந்து போனது இவர் வாய் வழியாகத் திரும்பி வருகிறது. இஸ்திரி போட்ட கோட்டை மாட்டிக்கொண்டு போய் அவளையே விற்றுவிட்டு வந்திருக்கிறான்.

டோரதி நாற்காலியை விட்டு எழுந்தாள்.

"என் மாமனாரைக் கூப்பிடுங்க, மதர். அவர் கண்ணால பார்த்தவர். அவர் பொய் சொல்ல மாட்டார், உங்களுக்கே தெரியும்."

"அவர் இன்னும் வீட்டுக்குப் போகவில்லை. உனக்காக ஜெபம் பண்ணிக்கொண்டு கோயிலில்தான் இருக்கிறார்" என்று மதர் மணியை அடித்தார்.

காஸ்பர் வந்தார். தலைப்பாகையைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார். மருமகளைப் பார்த்ததும் நின்றார்.

"மாமா" என்றாள் டோரதி. "யாரு வெட்டுனாங்கன்னு மதர்கிட்டச் சொல்லுங்க."

அவர் சுவரைப் பார்த்தார். தரையைப் பார்த்தார். பிறகு, பாவம், அவள் முகத்தையே பார்த்தார். மத்தியானம் கலங்கியிருந்த கண் இப்போது சுத்தமாகத் துடைத்துவிட்டது போலிருந்தது.

"நீதாம்மா" என்றார். ஜுரத்தில் பிதற்றுகிற குழந்தையைச் சமாதானம் பண்ணுகிற குரல். "பரவாயில்லம்மா. மதர் மன்னிச்சிட்டாங்க. ஒத்துக்கோ."

புருஷன் செய்த துரோகம் பெரிது. ஆனால் அதற்கு அவளால் ஏதாவது பேர் வைக்க முடியும். சோம்பேறி, கோழை, திருடன் என்று எதையாவது சொல்லித் திட்ட முடியும். இந்த மனுஷரைச் சொல்ல அவளிடம் வார்த்தை இல்லை. இனிமேல் அந்த வாசற்படியில் அவளுக்காக நிற்க ஒருவரும் கிடையாது.

"போலீசுக்கெல்லாம் நான் போகப் போவதில்லை" என்று மதர் சொன்னார். "ஆனால் உன்னை இங்கே வைத்துக்கொள்ள முடியாது. அதற்காக உன் குடும்பம் தெருவில் நிற்கவும் எனக்குச் சம்மதமில்லை. வேறு ஆள் கிடைக்கிற வரைக்கும் புத்தகசாலையை வால்டர் பார்த்துக்கொள்ளட்டும். திங்கட்கிழமை வரச் சொல்லியிருக்கிறேன். அலமாரிச் சாவியை உன் மாமனாரிடம் கொடுத்துவிடு."

காஸ்பர் கையை நீட்டினார்.

டோரதி இடுப்பிலிருந்து சாவியை எடுத்தாள். கொடுக்கவில்லை. பற்கள் உள்ளங்கையில் பதிய இறுக்கி மூடிக்கொண்டாள்.

"உங்க கையில தர மாட்டேன், மாமா" என்றாள். அழுகை வரவில்லை. "அவரை வரச் சொல்லுங்க. என் எதிர்ல நின்னு, என் கண்ணைப் பார்த்து, என் கையிலேருந்து வாங்கிக்கட்டும்."